ஸலாம் சொல்லாமல் நுழையும் வியாபாரம்

எல்லாப் புகழும் அகிலத்தாரின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லடியார்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு, நம் முஹல்லாவைச் சேர்ந்த ஓர் இளைஞர் பள்ளியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அருகில் போய் ஸலாம் சொன்னேன். "ஹஜ்ரத், ஒன்று கேட்கணும். என் சம்பளம் ஹலாலா?" என்றார்.

"என்ன வேலை பார்க்கிறீர்கள் தம்பி?" என்று கேட்டேன். "டிஜிட்டல் மார்க்கெட்டிங்" என்றார். "நல்ல வேலைதானே, இதில் என்ன சந்தேகம்?" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விவரமாகச் சொன்னார். விலைக்கு வாங்கிய மெயில் முகவரிப் பட்டியல் ஒன்று அலுவலகத்தில் இருக்கிறது. அதில் உள்ளவர்கள் யாரும் தங்களுக்கு மெயில் அனுப்பும்படி கேட்டவர்கள் அல்லர். ஒரு நாளைக்குப் பல்லாயிரம் பேருக்கு அனுப்ப வேண்டும். இலவசமாக இடம் தரும் ஹோஸ்டிங் தளங்களில் பொய்ப் பெயர்களில் கணக்குத் திறந்து, எவரும் படிக்காத பக்கங்களை உருவாக்கி, அவற்றில் விளம்பர லிங்குகளை நிரப்ப வேண்டும். அந்தத் தளத்தார் கண்டுபிடித்து மூடினால் வேறு பெயரில் மறுபடியும் திறக்க வேண்டும். மாலையில், தான் பார்த்தே இராத பொருள்களுக்கு ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுத வேண்டும்.

"உம்மாவிடம் சொன்னேன் ஹஜ்ரத். 'கம்ப்யூட்டரில் தட்டுவதில் என்னடா பாவம், நீ யாருடைய பாக்கெட்டிலும் கை வைக்கவில்லையே' என்கிறார்கள். தங்கச்சி கல்யாணக் கடன் பாதி நிற்கிறது. என்ன செய்யட்டும்?" என்று கேட்டார்.

அன்று அவருக்குச் சொன்னதைத்தான் இன்று இந்த மிம்பரிலிருந்து உங்களுக்கும் சொல்கிறேன். "நான் அந்தத் தொழிலில் இல்லையே" என்று எண்ணி விடாதீர்கள். கையில் போன் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதில் பங்கு இருக்கிறது. எனக்கும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வியாபாரம் பாவமல்ல, விளம்பரமும் பாவமல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். தன் பொருளை நாலு பேருக்குத் தெரியப்படுத்துவதை மார்க்கம் தடுக்கவில்லை. மதீனாவுக்கு வெறுங்கையோடு ஹிஜ்ரத் செய்து வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு அன்ஸாரித் தோழர் தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தார். அதற்காக துஆ செய்துவிட்டு, கடைவீதிக்கு வழி காட்டும்படி மட்டும் கேட்டார்கள் அவர்கள். அங்கே வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்று உழைத்து உயர்ந்தார்கள்.

நம் பெருமானார் (ஸல்) அவர்களே வணிகர்தாம். கதீஜா நாயகி (ரலி) அவர்கள் தம் சரக்கை ஒப்படைக்க அவர்களைத் தேர்ந்தெடுத்தது எதைக் கண்டு? அவர்களின் உண்மையையும் அமானிதத்தையும் கேள்விப்பட்டுத்தான். மக்கா அவர்களை 'அல்அமீன்' என்று அழைத்தது. காயல்பட்டினத்திலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் கடல் தாண்டி வணிகம் செய்த நம் முன்னோர்களுக்கும் வாக்குச் சுத்தம்தான் முதலீடாக இருந்தது. இணையத்தில் கடை போடுகிறவர், மெயிலில் விலைப்பட்டியல் அனுப்புகிறவர், யூடியூபில் தன் பொருளைக் காட்டுகிறவர் எல்லோரும் அதே வழியில் நடக்க முடியும். எந்த இடத்தில் வழி தவறுகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஸ்பாம் என்ற பெயர்

கேட்காதவர்களுக்குக் கூட்டம் கூட்டமாக அனுப்பப்படும் விளம்பரத்திற்கு 'ஸ்பாம்' என்று பெயர். உண்மையில் இது அமெரிக்காவில் 1937-ல் விற்பனைக்கு வந்த, டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சியின் பெயர். எங்கே திரும்பினாலும் அதே பண்டம், வேண்டாம் என்றாலும் அதே பண்டம் என்று கேலி செய்த ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து இந்தப் பெயர் இணையத்திற்கு வந்தது. நம் தட்டில் அந்தப் பண்டம் விழுந்து விடாமல் எவ்வளவு கவனமாக இருக்கிறோம்! வெளிநாடு போனால் பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். அந்தப் பெயரைத் தாங்கிய சம்பாத்தியம் நம் வீட்டுக்குள் வருகிறதா என்று அதே கவனத்தோடு பார்க்கிறோமா?

1978 மே மாதத்தில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேளாமல் வந்த முதல் கூட்டு விளம்பர மெயில் என்று அதைத்தான் சொல்கிறார்கள். 1994-ல் அமெரிக்க வழக்கறிஞர்கள் இருவர் கிரீன் கார்டு விளம்பரம் ஒன்றை ஆயிரக்கணக்கான விவாதக் குழுக்களில் ஒரே நேரத்தில் கொட்டினார்கள். அனுப்புகிறவருக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. சுமை முழுவதும் பெறுகிறவர் தலையிலும் சர்வர் வைத்திருப்பவர் தலையிலும் விழுகிறது. லாபம் ஒருவருக்கு, பாரம் ஊருக்கு. இதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. இந்தக் கணக்கை மார்க்கம் ஏற்குமா?

முதல் கேள்வி: அனுமதி கேட்டீர்களா?

சூரா அந்நூரின் 27, 28-ஆம் வசனங்களில் அல்லாஹ் நமக்கு ஓர் ஒழுக்கத்தைக் கற்றுத் தருகிறான். பிறர் வீடுகளுக்குள் அனுமதி பெற்று, வீட்டாருக்கு ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும். திரும்பிப் போய்விடுங்கள் என்று சொல்லப்பட்டால் திரும்பிவிட வேண்டும். அதுவே நமக்குத் தூய்மையானது என்கிறான்.

அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் ஒருமுறை உமர் (ரலி) அவர்களின் வீட்டு வாசலில் நின்று மூன்று முறை அனுமதி கேட்டார்கள். பதில் வரவில்லை. திரும்பிச் சென்றுவிட்டார்கள். வேலையில் இருந்த உமர் (ரலி) அவர்கள் பிறகு அழைத்து, ஏன் போய்விட்டீர்கள் என்று விசாரித்தார்கள். மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருப்பதை அபூமூஸா (ரலி) எடுத்துச் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் சாட்சி கேட்டார்கள். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான சம்பவம் இது.

கவனியுங்கள். வந்தவர் பெரிய ஸஹாபி. வீட்டுக்காரர் அவருக்குத் தெரிந்தவர். அப்படியிருந்தும் பதில் வராத வாசலில் நான்காம் முறை தட்டவில்லை. இன்று ஒருவருடைய இன்பாக்ஸ் அவருடைய வாசல். போன் அவருடைய படுக்கையறை வரை போகிறது. முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கி, முன்பின் அறியாத பல்லாயிரம் பேரின் வாசலை நள்ளிரவிலும் தட்டுவதை எந்த ஒழுக்கத்தில் சேர்ப்பீர்கள்?

அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு ஸ்பாம் சட்டம், வேண்டாம் என்று சொன்னவருக்கு அனுப்புவதை நிறுத்த 10 வேலை நாட்கள் அவகாசம் தருகிறது. 2024-ல் கூகுள் நிறுவனம், ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்பும் விளம்பரக்காரர்கள் ஒரே தட்டில் விலகும் வசதியைத் தர வேண்டும், இரண்டு நாட்களுக்குள் பெயரை நீக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. சட்டம் பத்து வேலை நாட்கள் தருகிறது, நிறுவனத்தின் நிபந்தனை இரண்டு நாட்கள் தருகிறது. குர்ஆன் சொல்லும் ஒழுக்கம், திரும்பு என்றவுடன் திரும்புவது. 'அன்சப்ஸ்கிரைப்' பொத்தானைப் பக்கத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத சாம்பல் நிற எழுத்தில் ஒளித்து வைக்கிற முஸ்லிம் வியாபாரி இந்த வசனத்தை எப்படி ஓதுவார்?

சூரா அந்நிஸாவின் 29-ஆம் வசனம் ஒருவர் பொருளை ஒருவர் முறைகேடாக உண்பதைத் தடுத்து, மனமொத்த வியாபாரத்தை மட்டும் விலக்கி வைக்கிறது. 'தராழ்', அதாவது இருவரின் பொருத்தம், வியாபாரத்தின் உயிர். அந்தப் பொருத்தம் கல்லாவில் காசு வாங்கும்போது மட்டும் தேவையா? பேச்சைத் தொடங்கும் முதல் நொடியிலேயே அது இருந்தால்தானே அழகு!

இரண்டாம் கேள்வி: சொன்னது உண்மையா?

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றார்கள். கையை உள்ளே விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. என்ன இது என்று கேட்டதற்கு, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். முஸ்லிமில் உள்ள ஹதீஸ்.

அந்த வியாபாரி பொய் எதுவும் சொல்லவில்லை. காய்ந்ததை மேலே வைத்தார், நனைந்ததை அடியில் வைத்தார், அவ்வளவுதான். இணையத்தில் மெயிலின் தலைப்புதான் குவியலின் மேற்புறம். "உங்கள் பார்சல் காத்திருக்கிறது" என்று தலைப்பு, திறந்தால் முடி எண்ணெய் விளம்பரம். ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்ததன் பதில் போல ஒரு தலைப்பு, திறந்தால் கடன் விளம்பரம். "இன்னும் 2 மட்டுமே மீதி" என்று சிவப்பு எழுத்து ஓடும். கிடங்கில் இரண்டாயிரம் கிடக்கும். இப்படிப் பொய் அவசரம் காட்டுவது உட்பட 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளை இந்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் பட்டியலிட்டுத் தடுத்திருக்கிறது. நனைந்த தானியத்தின் ஈரத்தை அண்ணலார் (ஸல்) அவர்களின் விரல்கள் அன்றே காட்டிக் கொடுத்துவிட்டன.

அடுத்தது பொய் விமர்சனம். நம் மத்ரஸாக்களில் கிதாபுல் புயூஃ, அதாவது வியாபாரப் பாடம் ஓதும்போது 'நஜ்ஷ்' என்று ஒன்று வரும். வாங்கும் எண்ணமே இல்லாத ஒருவர் ஏலத்தில் நின்று விலையை ஏற்றிவிடுவார். அதைப் பார்த்து இன்னொருவர் நம்பி அதிக விலைக்கு வாங்கிவிடுவார். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடை செய்தார்கள். நான் ஓதிய காலத்தில் இது பழைய அரபுச் சந்தையின் சங்கதி என்று நினைத்தேன். இன்று வாங்காத பொருளுக்கு ஐந்து நட்சத்திரம் போடுகிறார்களே, அது என்ன? ஆள் மாறியிருக்கிறது, சந்தை மாறியிருக்கிறது, நஜ்ஷ் மாறவில்லை. இணைய விமர்சனங்கள் உண்மையான வாடிக்கையாளரிடமிருந்து வந்தவையாக இருக்க வேண்டும் என்பதற்காக 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தர நிர்ணயத்தையே நம் நாட்டில் வெளியிட வேண்டியிருந்தது.

வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, குறையை விளக்கிச் சொன்னால் அந்த வியாபாரத்தில் பரக்கத் செய்யப்படும். மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்பட்டுவிடும் என்ற கருத்தில் ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் இருக்கிறது. வருமானம் வரும், ஆனால் பரக்கத் போய்விடும். கணக்கில் ஏறுகிற பணம் வீட்டில் நிம்மதியாக ஏன் தங்குவதில்லை என்று கேட்கிறவர்கள் இந்த ஹதீஸை ஒருமுறை யோசியுங்கள்.

மூன்றாம் கேள்வி: பக்கத்தில் இருப்பவர் கதி என்ன?

நம் ஊரில் உம்ரா பயண ஏற்பாடு செய்யும் ஒரு சகோதரர் இருக்கிறார். நேர்மையானவர். போன வருடம் அவர் அனுப்பிய விசா விவரங்கள், டிக்கெட்டுகள் பலருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு வயதான தம்பதியர் பயண நேரம் மாறியது தெரியாமல் விமான நிலையத்தில் தவித்தார்கள். விசாரித்தபோது, அவருடைய மெயில்கள் எல்லாம் குப்பைப் பெட்டியில் விழுந்திருந்தன. காரணம் அவரல்ல, அவருடைய 'அண்டை வீட்டார்'.

இணையத்தில் அண்டை வீடு எப்படி என்று கேட்பீர்கள். குறைந்த கட்டணத்தில் ஹோஸ்டிங் வாங்கினால் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்கள் ஒன்றாகக் குடியிருக்கும். எல்லோருக்கும் பெரும்பாலும் ஒரே ஐ.பி. முகவரி. அதாவது ஒரே கதவு எண். அதில் ஒருவர் ஸ்பாம் அனுப்பினால், 1998 முதல் இயங்கும் ஸ்பாம்ஹாஸ் போன்ற அமைப்புகள் அந்தக் கதவு எண்ணையே தடைப்பட்டியலில் ஏற்றிவிடும். பிறகு அந்த வாசலிலிருந்து யார் கடிதம் அனுப்பினாலும் உலகம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். மருத்துவர் அனுப்பும் பரிசோதனை முடிவானாலும் சரி, மத்ரஸா அனுப்பும் தேர்வு அறிவிப்பானாலும் சரி.

இதைப் படித்ததும் எனக்கு நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் கப்பல் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. புகாரியில் இருக்கிறது. சீட்டுக் குலுக்கி, ஒரு கூட்டம் கப்பலின் மேல்தளத்திலும் ஒரு கூட்டம் கீழ்த்தளத்திலும் இடம் பிடித்தார்கள். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக மேலே போய்வர வேண்டியிருந்தது. மேலே இருப்பவர்களுக்குத் தொந்தரவு தராமல் நம் பகுதியில் ஓர் ஓட்டை போட்டுக்கொண்டால் என்ன என்று நினைத்தார்கள். அவர்களை அப்படியே விட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் விளக்கினார்கள்.

ஓட்டை போட நினைத்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக அந்த ஹதீஸில் இல்லை. என் இடம், என் வேலை என்றுதான் நினைத்தார்கள். நம் தம்பியின் உம்மாவும் அதைத்தான் சொன்னார்கள்: நீ யாருடைய பாக்கெட்டிலும் கை வைக்கவில்லையே என்று. ஆனால் கடல்நீர் யாருடைய பகுதி என்று கேட்டுக்கொண்டா உள்ளே வரும்?

இலவசத் தளங்களின் கதை இன்னும் வேதனையானது. காசில்லாத மாணவரும் சிறு வியாபாரியும் ஒதுங்கிக்கொள்ளும் நிழல் அவை. ஹெரோகு என்ற புகழ்பெற்ற தளம் பல வருடங்கள் இலவசமாக இடம் கொடுத்தது. மென்பொருள் கற்ற எத்தனையோ பிள்ளைகள் தங்கள் முதல் படைப்பை அங்கேதான் வைத்தார்கள். 2022 நவம்பரில் அந்த இலவசத் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். மோசடியையும் தவறான பயன்பாட்டையும் சமாளிக்கவே தங்கள் ஆட்களின் உழைப்பு அளவுக்கு மீறிச் செலவாகிறது என்று காரணம் சொன்னார்கள். சிலர் அசுத்தம் செய்தார்கள், எல்லோரும் நிழலை இழந்தார்கள். மக்கள் நடக்கும் பாதையிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித்தரும் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிமில் இருக்கிறது. பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. அப்படியானால் பாதையில் முள்ளைக் கொண்டுவந்து கொட்டுவது எதன் கிளை?

என் பங்கு

இப்போது என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ரமளானில் மத்ரஸா நிதிக்காக எல்லோருக்கும் செய்தி அனுப்பலாம் என்று நிர்வாகிகள் முடிவெடுத்தார்கள். எண்கள் எங்கே கிடைக்கும்? நிகாஹ் பதிவேட்டிலும் மையித்துப் பதிவேட்டிலும் இருக்கிறதே என்றார் ஒருவர். நானே எடுத்துக் கொடுத்தேன். நல்ல காரியம்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

மூன்று நாட்களில் நான்கு செய்திகள் போயின. மறு வாரம் ஒரு சகோதரி தன் பிள்ளையை என்னிடம் அனுப்பினார். அவருடைய கணவர் மௌத்தாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவர் இத்தாவில் இருந்தார். கணவருடைய போனைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாராம். ஸஹர் நேரத்தில் அது ஒலித்திருக்கிறது. கணவர் பெயரைச் சொல்லி, உங்கள் நன்கொடை இன்னும் வரவில்லை என்று நம் பள்ளியின் செய்தி. "ஹஜ்ரத்திடம் கோபமில்லை என்று சொல்லச் சொன்னாங்க. அந்த எண்ணை மட்டும் எடுத்துவிடச் சொன்னாங்க" என்றான் பிள்ளை.

அன்று இரவு தராவீஹ் தொழ வைக்கும்போது எனக்குக் குரல் வரவில்லை. அடக்கம் செய்வதற்காக நம்பிக் கொடுத்த எண் அது. அமானிதம். அதை நான் வேறொன்றுக்குப் பயன்படுத்தினேன். நோக்கம் நல்லது என்பதால் வழி சுத்தமாகிவிடாது. பதிவேடுகளிலிருந்து எண் எடுப்பதை அன்றோடு நிறுத்தினோம். இப்போது செய்தி வேண்டும் என்று தாமே எழுதிக் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் அனுப்புகிறோம். பட்டியல் சிறியதாகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், அதற்காக மத்ரஸா மூடப்படவில்லை.

யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

நல்லடியார்களே! அந்தச் சகோதரியிடம் நான் மன்னிப்புக் கேட்க முடிந்தது. வாசல் தெரியும், பெயர் தெரியும். பல்லாயிரம் பேருக்கு ஒரே தட்டில் அனுப்பியவர் யாரிடம் போய்க் கேட்பார்?

திவாலானவர் யார் தெரியுமா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஒருமுறை தோழர்களிடம் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவர் என்றார்கள் தோழர்கள். தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமையில் வந்து, ஆனால் ஒருவரைத் திட்டி, ஒருவர் மீது அவதூறு சொல்லி, ஒருவர் பொருளைத் தின்று, ஒருவரை அடித்திருந்ததால், தன் நன்மைகளை எல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவரே என் உம்மத்தில் திவாலானவர் என்று விளக்கினார்கள். அல்லாஹ்வின் உரிமையில் நாம் செய்த குறையை அவன் நாடினால் மன்னிப்பான். அடியார்களின் உரிமை, ஹக்குல் இபாத், உரியவர் மன்னித்தால்தான் தீரும். ஆளுக்கு ஒரு நொடி வீணாக்கியிருந்தாலும் வரிசையில் நிற்பவர்கள் எத்தனை பேர்!

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபாவில் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள ஒரு துணியைக் கூட்டாளியிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கும்படி கூறினார்கள். கூட்டாளி மறந்து, சொல்லாமலே விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. இமாம் அவர்கள் அந்தச் சரக்கில் வந்த பணம் முழுவதையும் ஸதகா செய்துவிட்டார்கள் என்று அவர்களின் வரலாற்றில் சொல்லப்படுகிறது. உரியவரைக் கண்டுபிடிக்க முடியாத நிலையில் நமக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது: செயலை உடனே விடுவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது, தவறான வழியில் வந்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது, யாருக்குத் தொல்லை கொடுத்தோமோ அவர்களுக்காக துஆ செய்வது.

நாம் செய்ய வேண்டியவை

இணையத்தில் வியாபாரம் செய்யும் சகோதரர்களே, சகோதரிகளே, இந்த ஆறையும் கடைப்பிடியுங்கள். கேட்டவருக்கு மட்டும் அனுப்புங்கள். பட்டியலை விலைக்கு வாங்காதீர்கள், விற்காதீர்கள். நீங்கள் யார், உங்கள் கடை எங்கே என்பதை மறைக்காதீர்கள். தலைப்பில் சொன்னதே உள்ளேயும் இருக்கட்டும். வேண்டாம் என்றவரை அன்றே விடுங்கள். காசு கொடுத்தும் காசு வாங்கியும் விமர்சனம் எழுதாதீர்கள்.

வேலை பார்க்கும் இளைஞர்களே, முதலாளி சொன்னார் என்பது மறுமையில் முழு விடையாகாது. பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டாம் என்று சூரா அல்மாயிதாவின் இரண்டாம் வசனம் தடுக்கிறது. உங்கள் திறமை ஹலால். பொய்க்கு அதை வாடகைக்கு விடுவதுதான் ஹராம்.

செய்தியைப் பெறுகிறவர்களுக்கும் கடமை உண்டு. தீயவர் ஒரு செய்தியோடு வந்தால் தீர விசாரியுங்கள் என்கிறது சூரா அல்ஹுஜுராத்தின் ஆறாம் வசனம். தெரியாத லிங்கைத் தட்டாதீர்கள். வந்ததை எல்லாம் குடும்பக் குழுவில் தள்ளிவிடாதீர்கள். கேட்டதை எல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது. போனில் விளம்பரத் தொல்லையை நிறுத்த 1909, பணம் மோசடியில் போய்விட்டால் உடனே 1930. இந்த இரண்டு எண்களையும் வீட்டுப் பெரியவர்களின் போனில் இன்றே பதிந்து கொடுங்கள்.

அந்தத் தம்பிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முதலாளியிடம் போய்ப் பேசினார். பட்டியலுக்கு அனுப்பும் வேலையும் விமர்சனம் எழுதும் வேலையும் தன்னால் முடியாது, மற்ற வேலை எல்லாம் செய்கிறேன் என்றார். வேலை போய்விட்டது. இப்போது கடைத்தெருவில் மூன்று சிறு கடைகளுக்கு இணையப் பக்கம் நடத்திக் கொடுக்கிறார். வருமானம் பாதிகூட இல்லை. கடன் இன்னும் நிற்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் இங்கே கதை சொல்ல வரவில்லை. ஆனால் போன வாரம் பார்த்தபோது, "இப்போது துஆவுக்குக் கை ஏந்த வெட்கமாக இல்லை ஹஜ்ரத்" என்றார். உங்களில் கடை வைத்திருப்பவர்கள், நிறுவனம் நடத்துபவர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். ஹராமை விட்டுவிடு என்று மிம்பரில் சொல்வது எளிது. விட்டு வந்தவருக்கு ஹலாலான வாசலைத் திறந்துவிடுவது நம் எல்லோர் மீதும் உள்ள பொறுப்பு. உண்மையும் அமானிதமும் உள்ள வியாபாரி மறுமையில் நபிமார்கள், ஸித்தீக்கீன்கள், ஷுஹதாக்களோடு இருப்பார் என்ற நற்செய்தி திர்மிதீயில் வருகிறது. அந்தக் கூட்டத்திற்கு நம் பிள்ளைகளை அனுப்பி வைப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் உணவை ஹலாலாக்கி வைப்பாயாக. எங்கள் விரல்கள் தட்டுவதற்கெல்லாம் நாளை சாட்சி சொல்லப் போகின்றன என்பதை எங்களுக்கு மறக்கடிக்காதிருப்பாயாக. நாங்கள் அறிந்தும் அறியாமலும் தொல்லை கொடுத்த உன் அடியார்களின் உள்ளங்களில் எங்களை மன்னிக்கும் எண்ணத்தைப் போடுவாயாக. கடனில் இருப்பவர்களின் கடனை நிறைவேற்றித் தருவாயாக. ஹராமான வழியை உனக்காக விட்டவர்களுக்கு அதைவிடச் சிறந்ததைத் தருவாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.